பள்ளிவாசலைத் தேடி வருவோருக்கு வழி சொல்லும் அகப்பக்கம்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகல். சூலியா தெருவிலுள்ள நம் கடையில் கல்லாவைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். தோளில் பையுடன் ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். பேச்சைக் கேட்டதுமே இராமநாதபுரத்துப் பிள்ளை என்பது தெரிந்துவிட்டது.

“பாய், பினாங்குல நாகூர் தர்கா இருக்கு, அவசியம் போய் ஸலாம் சொல்லிட்டு வான்னு எங்க வாப்பா சொல்லி அனுப்பினாங்க. ஊர்லயே தேடிக் குறிச்சு வச்சுக்கிட்டு வந்தேன். இப்ப பார்த்தா இது சிங்கப்பூருக்கு வழி காட்டுது!”

“தம்பி, அதைப் பையில போடுங்க. நீங்க நிக்கிறதே சூலியா தெருதான். வாங்க, கொஞ்சம் நடந்தா தர்கா” என்று சொல்லிக் கையோடு அழைத்துப் போனோம். அங்கே ஸலாம் சொல்லிவிட்டு, நம்மோடேயே கப்பித்தான் பள்ளிக்கு வந்து தொழுதார்.

பிரயாணி வந்து சேர்ந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். நம் கடை திறந்திருந்தது, அவரும் வாய் திறந்து கேட்டார். கேட்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ! கடை பூட்டியிருக்கும் நேரத்திலும் வழி சொல்வதற்குத்தான் அகப்பக்கம். அந்த அகப்பக்கமே தவறான வாசலைக் காட்டினால், அல்லது காட்டவே காட்டாவிட்டால், அதற்குச் செலவழித்த ஜமாஅத்துப் பணம் என்னாகும்?

நம் சங்கங்களிலும் மத்ரஸாக்களிலும் ‘அகப்பக்கம் போட வேண்டும்’ என்ற பேச்சு இப்போது நடக்கிறது. ஆளுக்கொரு விலை சொல்லுகிறார்கள்; ஆளுக்கொரு தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லுகிறார்கள். நாம் மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாதவர்கள். ஆயினும் இவ்விஷயத்தில் பணம் கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று நம்மிடம் உண்டு. அதைப் பங்கிட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

தரகரும் பேரேடும்

தேடுபொறி என்பது என்ன? சந்தையிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் நடையாய் நடந்து, எந்தக் கடையில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்போது அவர் கடைக்கு ஓடுவதில்லை. பேரேட்டைப் புரட்டிப் பதில் சொல்கிறார். 1998இல் தொடங்கிய கூகிளும், 2009இல் வந்த பிங்கும் செய்கிற வேலை சாராம்சத்தில் இதுதான். பேரேட்டில் நம் பெயர் ஏறவில்லையென்றால், கடைக்குள் சரக்கு மலைபோல் குவிந்திருந்தும் பயனில்லை.

இந்தத் தரகருக்கு ஒரு குணம் உண்டு. வண்ணத்தையும் அலங்காரத்தையும் பார்த்து அவர் மயங்குவதில்லை. எழுத்தைத்தான் தேடுகிறார். ஆகவே எந்தத் தொழில்நுட்பமானாலும் முதற் கேள்வி, ‘இது அழகாயிருக்கிறதா?’ என்பதன்று, ‘நம் பெயரும் இடமும் நேரமும் அவர் வாசிக்கும்படி எழுத்தில் நிற்கின்றனவா?’ என்பதே.

நாகூர் தர்கா விஷயத்தில் கைப்பேசியைக் குற்றம் சொல்ல முடியாது. அப்பெயரில் மூன்று இடங்களாவது உள்ளன. ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். அவர்கள் ஞாபகமாக, கப்பலேறி வந்த நம் முன்னோர் கட்டியவை மற்றவை. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. நம் சூலியா தெருவில் உள்ளதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்ததே. சிங்கப்பூர்க் கட்டடம் 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதப்பட்டது அதிகம்; தரகரின் பேரேட்டில் அதற்குப் பக்கங்களும் அதிகம். ‘நாகூர் தர்கா’ என்று மட்டும் கேட்டால் அதை நீட்டுவது இயல்புதானே?

பெயரோடு ஊரும் தெருவும்

நம் பள்ளியின் தெருவிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1801இல் எழுந்த கப்பித்தான் பள்ளியிலிருந்து வடக்கே நடந்தால் குவான் யின் கோயில். அதைத் தாண்டினால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். உலகில் செயின்ட் ஜார்ஜ் பெயரில் தேவாலயங்கள் எத்தனையோ. சென்னையிலேயே 1815இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் பேராலயம் உண்டு. பெயரை மட்டும் எழுதினால் தேடுகிறவர் எங்கே போய் நிற்பார்? ‘பினாங்கு, ஜார்ஜ் டவுன்’ என்று சேர்த்து எழுதினால்தான் வாசல் தெரியும்.

ஆகவே பக்கத்தின் தலைப்பிலேயே பெயர், தெரு, ஊர், நாடு நான்கும் வர வேண்டும். இத்தலைப்பு கைப்பேசித் திரையில் தேடல் விடையின் முதல் வரியாகத் தோன்றும். ‘நல்வரவு’ என்று தலைப்புப் போட்டிருக்கும் பக்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். பெயர்ப்பலகையில் ‘வாருங்கள்’ என்று மட்டும் எழுதி, கடைப்பெயரை விட்டுவிட்டது போன்ற காரியம் அது.

எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். ‘தர்கா’ என்பதை ரோமன் எழுத்தில் ‘துர்கா’ என்று ஒலிக்கும்படி எழுதுவோரும் உண்டு, ‘தர்கா’ என்றே எழுதுவோரும் உண்டு. கப்பித்தான் பள்ளியைக் கட்டிய காதிர் முகைதீன் பெயரையும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள். அப்பள்ளி நிற்கும் சாலைக்கு முன்பு பிட் தெரு என்று பெயர். இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. நம் பெரியவர்கள் இன்னமும் பிட் தெரு என்றுதான் சொல்லுகிறார்கள். தேடுகிறவர் எந்தப் பெயரால் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. ‘முன்பு இன்ன பெயரால் அழைக்கப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் பக்கத்தில் இருந்தால் இரு சாராரும் வந்து சேருவார்கள்.

நம் கடைக்கு வரும் கிறிஸ்தவ அன்பர் ஒருவர் ஒரு தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அவர் சொன்ன வார்த்தை நமக்கு மிகவும் பயன்பட்டது. “புதுசா வர்றவங்களுக்கு எங்க சபையோட பேரே தெரியாது பாய். ‘பினாங்கில் தமிழ் ஆராதனை எங்கே, ஞாயிறு எத்தனை மணிக்கு’ன்னுதான் தேடுறாங்க. அந்த வார்த்தை எங்க பக்கத்துல இல்லவே இல்ல. ஸ்தாபகர் சரித்திரம் மட்டும் நாலு பக்கம் இருந்துச்சு” என்றார்.

நமக்கும் இது பொருந்தும். பிரயாணி கேட்பது: ஜும்ஆ எத்தனை மணிக்கு? குத்பா எந்த மொழியில்? பெண்களுக்கு இடம் உண்டா? வண்டி எங்கே நிறுத்துவது? இக்கேள்விகளும் பதில்களும் சாதாரண வாக்கியங்களாக முதற்பக்கத்தில் இருக்கட்டும். சரித்திரம் அடுத்த பக்கத்தில் வரட்டும்.

படமா, எழுத்தா?

நோட்டீஸ் அச்சடிப்பது போல் அழகான படம் ஒன்று தயாரித்து, அதையே அகப்பக்கத்தில் ஒட்டிவிடும் வழக்கம் நம்மவரிடம் அதிகம். கந்தூரி அழைப்பும் ரமலான் அட்டவணையும் அப்படியே வருகின்றன. மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. தரகருக்கு அது படம். படத்திலுள்ளதை வாசித்து ஒழுங்காகப் பேரேட்டில் ஏற்றுவார் என்று நம்பியிருக்க முடியாது. பார்வை இழந்த சகோதரர்கள் வைத்திருக்கும், திரையை வாசித்துக் காட்டும் கருவிக்கும் அது விளங்காது. படம் இருக்கட்டும், அதே செய்தி எழுத்திலும் கீழே இருக்க வேண்டும். படத்துக்கு ஒரு வரி விளக்கமும் உள்ளே எழுதிவைக்க இடமுண்டு. அதை வெறுமையாக விடக் கூடாது.

தமிழ் எழுத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் மூத்தோர் அரபுத் தமிழில் எழுதினார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். அரபு மட்டும் தெரிந்த ஒருவர் அதைக் கையிலெடுத்தால் எழுத்துக் கூட்டுவார், பொருள் விளங்காது. பழைய தமிழ் எழுத்துருக்கள் இதற்கு மறுதலை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், இயந்திரத்தின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. தரகர் அதைத்தான் குறித்துக்கொள்வார். ‘அம்மா’ என்று தேடுகிறவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

கணினியில் தமிழ் எழுத நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலம் முதல் பல குறிமுறைகள் வந்து போயின. 1991இல் வெளிவந்த யூனிகோட் என்ற உலகப் பொது முறையில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. இன்று தேடுபொறி அறிந்த தமிழ் அதுதான். அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குவதால், அங்கிருந்து வாங்கி அப்படியே ஒட்டும்போது இத்தவறு நேர்கிறது.

சோதிப்பது சுலபம். பக்கத்திலுள்ள ஒரு வரியை விரலால் அழுத்திப் பிரதியெடுங்கள். பிரதியெடுக்க வரவில்லையென்றால் பெரும்பாலும் அது படம். வந்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கிலக் குறிகளாக வந்தால் பழைய எழுத்துரு.

மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பக்கம் வைப்பவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் தனிப் பக்கம் எழுதுவதே முறை. பொத்தானை அழுத்தினால் மொழி மாறும் தானியங்கி மொழிபெயர்ப்பு, வந்துவிட்டவருக்கு உதவும். தேடுகிறவரை அழைத்து வராது.

எந்தத் தொழில்நுட்பம்?

விலை சொல்ல வருகிறவர்கள் காட்டும் சரக்கை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வெறும் எச்.டி.எம்.எல் பக்கங்கள். விசைப்பலகையில் எழுதி வைத்த காகிதம் போன்றவை. வேகமாகத் திறக்கும், செலவு மிகக் குறைவு, தரகருக்கு மிகப் பிடித்தவை. ஆனால் ஒரு நேரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் விஷயம் தெரிந்தவர் வேண்டும்.

இரண்டாவது, வேர்ட்பிரஸ் போன்றவை. 2003இல் வந்த இம்மென்பொருள் இலவசம். உலக அகப்பக்கங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. நம் காரியதரிசியே உள்ளே நுழைந்து நேரத்தை மாற்றலாம். ஒருவர் விட்டுப்போனால் இன்னொருவர் எடுத்துச் செய்யலாம். ஆனால் அவ்வப்போது புதுப்பிக்காமல் விட்டால் திருடன் நுழைவான்.

மூன்றாவது, விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற வாடகைக் கடைகள். மாதாந்திரமாகவோ வருஷாந்திரமாகவோ பணம் கட்டினால் பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத சிறு சங்கத்துக்கு இது குற்றமில்லை. வேறு இடத்துக்குக் குடிபோகும்போது சாமான்களை முழுதாக எடுத்துச்செல்வது கஷ்டம்.

நான்காவது, ஜாவாஸ்கிரிப்டை மட்டும் நம்பிக் கட்டும் பக்கங்கள். திறந்தவுடன் வெறும் பெட்டி வரும்; பிறகு கைப்பேசியே உள்ளேயுள்ளதை அடுக்கிக் காட்டும். பார்க்க ஜோராக இருக்கும். கூகிள் இதைப் பொறுத்திருந்து வாசிக்கும். எல்லா இயந்திரங்களும் அப்படிப் பொறுப்பதில்லை. தொழுகை நேரம் சொல்லும் நாலு பக்கத்துக்கு இந்த ஆடம்பரம் அவசியமில்லை. செய்து தருபவரிடம், “பக்கத்தின் மூலத்தைத் திறந்து காட்டுங்கள்; அதில் எங்கள் பள்ளியின் பெயர் எங்கே?” என்று கேளுங்கள். அங்கே பெயர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் யோசியுங்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, கைப்பேசியில் நன்றாகத் திறக்க வேண்டும். கூகிள் கைப்பேசியில் தெரியும் வடிவத்தையே பேரேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மாற்றத்தை 2023இல் முடித்துவிட்டது. மற்றொன்று, முகவரி எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்க வேண்டும். 2014 முதல் கூகிள் அதற்குச் சிறிது முன்னுரிமை தருகிறது. 2018 முதல் குரோம், அது இல்லாத பக்கத்தைப் பாதுகாப்பற்றது என்று சொல்லி வருகிறவரைப் பயமுறுத்துகிறது. இதற்குரிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. இதற்கென்று பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

“பேஸ்புக் இருக்கிறதே, போதாதா?” என்பார் சிலர். பழகியவர்களுக்குச் செய்தி சொல்ல அது நல்லது. ஆனால் இன்றைய செய்தி நாளை அடியில் போய்விடும். கணக்கு இல்லாதவருக்கு முழுதும் தெரியாது. இலவசமாகக் கொடுத்தவர் எந்த நாளும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இலட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகிள் வியாபாரிகளுக்கு இலவசமாகத் தந்த சிறு அகப்பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. பிறர் நிலத்தில் கட்டிய வீடு பிறருடையதே.

முகவரி யார் பெயரில்?

இப்போது நாம் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் கடைக்கு ஓர் அகப்பக்கம் போட்டோம். செய்து கொடுத்தவர் நல்ல பையன்தான். முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார், நாம் கேட்கவில்லை. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வருஷக் கட்டணம் கட்ட ஆளில்லை. முகவரி காலாவதியாயிற்று, யாரோ அதை வாங்கிவிட்டார்கள். ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தம் கைப்பேசியைத் தயங்கித் தயங்கி நீட்டினார். நம் கடைப்பெயர் கொண்ட முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! வாப்பா காலத்திலிருந்து காப்பாற்றிய பெயர். அன்று கல்லாவில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

கடைக்கு நேர்ந்தது நம்மோடு போகட்டும். ஒரு பள்ளிவாசலின் பெயருக்கோ தர்காவின் பெயருக்கோ இது நேர்ந்தால் என்ன சொல்வோம்?

இந்தப் பினாங்கு மண்ணில் வக்ஃபுச் சொத்துகள் நிர்வாகிகள் கையில் சீர்கெட்டதும், அதன் பிறகு 1905இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம் வந்ததும் நம் முன்னோர் கண்ட சரித்திரம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காத ஜமாஅத்து நிலத்தை இழக்கும். அகப்பக்க முகவரியும் இன்று ஒரு பத்திரமே. அது சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், பதிவாக வேண்டும். டாட் மை என்று முடியும் முகவரிகளை நம் நாட்டில் மைநிக் நிர்வகிக்கிறது. பதிவான சங்கம் தன் சான்றுகளைக் காட்டித் தன் பெயரிலேயே எடுக்கலாம். கட்டணம் கட்டும் தேதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கடவுச்சொல் தலைவர், காரியதரிசி, பொருளாளர் மூவருக்கும் தெரிந்திருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்துடன் அதையும் ஒப்படைக்க வேண்டும்.

அண்டை அயலாரின் சாட்சி

தரகர் நம் வார்த்தையை மட்டும் நம்புவதில்லை. பிறர் நம்மைப் பற்றிச் சொல்வதையும் பார்க்கிறார். கூகிள் வரைபடத்தில் நம் இடத்தை உரிமை கோரி, பெயர், தெரு, தொலைபேசி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றை அகப்பக்கத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஓரிடத்தில் ஒரு தொலைபேசி எண், மற்றோரிடத்தில் வேறு எண் என்றிருந்தால் சந்தேகம் வரும். பலர் கூடி எழுதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலும் பதியலாம்; இரண்டுக்கும் காசில்லை.

2011இல் கூகிள், மைக்ரோசாப்ட், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா என்ற குறிப்புமுறையை ஏற்படுத்தின. அதில் பள்ளிவாசல், தேவாலயம், இந்துக் கோயில் என்று தனித்தனி வகையே உண்டு. பக்கத்தின் உள்ளே இக்குறிப்பைச் சேர்த்தால், ‘இது பள்ளிவாசல், இன்ன தெரு, இன்ன ஊர்’ என்று தரகருக்கு ஐயமின்றி விளங்கும். தெரிந்தவருக்கு இது சிறிது நேர வேலை. எந்தத் தொழில்நுட்பம் இதைச் சேர்க்க இடங்கொடுக்கவில்லையோ அது நமக்கு வேண்டாம்.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. அதைக் காண வருகிறவர்களில் பலர் கைப்பேசியைப் பார்த்தே தெருத் தெருவாக நடக்கிறார்கள். சங்கங்களும் மத்ரஸாக்களும் கடைகளும் ஒன்றன் பக்கத்தில் மற்றதன் முகவரியைக் குறிப்பிட்டால், அவர்களும் வழி தப்பமாட்டார்கள், தரகருக்கும் அது நல்ல சாட்சி.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் ஞாபகம் வைப்பது சிரமம் என்பவர்கள், விலை சொல்ல வருகிறவரிடம் இந்த ஆறு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

1. முகவரி எங்கள் சங்கத்தின் பெயரில் பதிவாகுமா?
2. பெயரும் இடமும் நேரமும் படத்திலன்றி எழுத்தில், யூனிகோட் தமிழில் இருக்குமா?
3. பக்கத்தின் மூலத்தில் அவை தெரியுமா?
4. நீங்கள் இல்லாமலே எங்கள் காரியதரிசி நேரத்தை மாற்ற முடியுமா?
5. நாளை வேறொருவரிடம் போனால் எல்லாவற்றையும் எடுத்துச்செல்ல முடியுமா?
6. வருஷா வருஷம் மொத்தச் செலவு எவ்வளவு?

ஆறுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தேடலில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்கிறவரைக் கண்டால் எச்சரிக்கையாயிருங்கள். அந்தப் பேரேடு அவர் கையில் இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் பழைய நேரத்தைப் புதிதாக்கிச் சொல்லாது. சென்ற ரமலானின் தராவீஹ் நேரம் இந்த ரமலானிலும் நின்றால், அதை நம்பி வருகிறவர் பூட்டிய கதவைத்தான் காண்பார். மாதம் ஒருமுறை பார்த்துத் திருத்துவதற்கு ஒருவரை நியமியுங்கள். அது பெரிய வேலையன்று, பெரிய பொறுப்பு.

நம் முன்னோர் இக்கரையில் இறங்கியதும் முதலில் பள்ளியைக் கட்டினார்கள். அந்நியர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும்படி மினாராவை உயர்த்தினார்கள். இன்றைய பிரயாணி மினாராவைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்க்கிறார். அங்கேயும் நம் வாசல் சரியாகத் தெரிய வேண்டும். பெயர் அமானிதம், அதைக் காப்பது நம் கடன். வல்ல அல்லாஹ் துணை செய்வானாக. வஸ்ஸலாம்.